மற்றப் பக்கமும் ஒன்பது

நாற்பத்திரண்டு வயதில் முதன்முதலாகக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கப் போகிறவருக்கு ஒரு புத்திமதி: களிசானை முதல் நாளே போட்டுப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை. கலியாணத்துக்குத் தைத்த களிசான் அது. பதினைந்து வருடம் அலுமாரிக்குள் இருந்ததில் துணி சுருங்கிவிட்டது என்று நான் சொன்னேன். மனைவி வேறு காரணம் சொன்னாள். கடைசியில் பொத்தான் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஊக்கு, அதன் மேல் பெல்ட், அதன் மேல் வெளியே விட்ட சேட், எல்லாவற்றுக்கும் மேல் அல்லாஹ்வின் காவல் என்ற ஏற்பாட்டில் பள்ளிக்கூடம் போனேன்.

நான் வாத்தியார் இல்லை. உப்பளத்தில் வேலை செய்கிறவன். மாரி மழை விழுந்தால் உப்பளத்தில் வேலை இல்லை, தேத்தண்ணிக் கடையில்தான் வேலை. அங்கே பல வருடமாக நான் அவிழ்த்துவிட்டு வந்த கதை ஒன்று உண்டு. "தொண்ணூறுல புலிகள் எங்கள மன்னாரால அனுப்பாம விட்டிருந்தா, அந்த டிசம்பர் சோதனையில கணக்குக்கு எனக்கு டி, டிஸ்டிங்ஷன். இண்டைக்கு இஞ்சினியர்." உண்மை என்னவென்றால், ஊரை விட்டு வந்தபோது எங்கள் கணக்கு வாத்தியார் எந்தப் பாடத்தில் நின்றார் என்பதே எனக்கு ஞாபகமில்லை. நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனை எழுதாமல் போனது மட்டும் உண்மை. எழுதாத சோதனையில் யாரும் பெயிலாவதில்லை. அகதியாக வந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே வசதி அதுதான்.

இந்தக் கதையைப் பாடசாலை அதிபரும் ஒரு மூலையில் இருந்து பிளேன்ரீ குடித்தபடி கேட்டிருக்கிறார். கேட்டதோடு விடாமல் நம்பியும் இருக்கிறார்.

எனக்கு ஒரு தங்கச்சி. எங்கள் ஊர் ஆண்கள் பாடசாலையில் அவள்தான் கணக்கு டீச்சர். அகதிக் கொட்டிலில் சிமெந்துப் பையைக் கிழித்து அதில் கணக்குப் போட்டுப் படித்து கேம்பஸ் போனவள். சண்டை முடிந்து ஆறேழு வருடம் கழிந்த ஒரு செப்டெம்பரில் அவளது கணவர் மௌத்தாகிவிட்டார். அவள் இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, வீட்டை விட்டு இறங்காமல், வாப்பா, கூடப் பிறந்தவன் போன்ற ஆண்களைத் தவிர வேறு எந்த ஆண் முன்னாலும் வராமல் இருக்கவேண்டும்.

இத்தா முடிவது ஜனவரியில். சாதாரண தரப் பரீட்சை டிசம்பரில். பதினோராம் தரத்தில் பதினொரு பையன்கள், எல்லாருக்கும் பதினாறு வயது, எல்லாருக்கும் மீசை. அவர்கள் அவள் முன்னால் வர ஏலாது, அவள் அவர்கள் முன்னால் போக ஏலாது. அவள் ஒரே ஒரு நாள் தொடங்கி வைத்துவிட்டு நின்ற பாடம் ஒன்று மிச்சமிருந்தது: இருபடிச் சமன்பாட்டை வர்க்கபூர்த்தியாக்கித் தீர்த்தல். அதில் வருஷா வருஷம் ஒரு கணக்கு வரும். பதில் ஆசிரியர் கிடைக்கவில்லை. போனில் சொல்லிக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். கொப்பி பார்க்காமல் கணக்குப் படிப்பிக்க முடியாது என்பது அவளது கட்சி. மருமகளின் குரல் வெளியே போவதும் ஆகாது என்பது அவளோடு இருந்த மாமியின் கட்சி.

அதிபர் தேத்தண்ணிக் கடைக்கே வந்தார்.

"நீங்க தங்கச்சியிட்டக் கேட்டு வந்து பிள்ளைகளுக்குச் சொன்னாக் காணும். கூடப்பிறந்தவர், இத்தாவிலயும் முன்னால இருந்து கதைக்கலாம். உங்களுக்கென்ன, டி எடுக்க இருந்த ஆள்."

கடையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அது புளுகு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் வாய், "அதுக்கென்ன சேர்," என்றது. என் வாய்க்கும் எனக்கும் எப்போதும் இந்தப் பிரச்சினைதான்.

மச்சானைப் பற்றிச் சொல்லவேண்டும். தங்கச்சியின் கணவரைத்தான் சொல்கிறேன். களப்பில் மீன் பிடிக்கிறவர். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் கணக்குப் பரீட்சை நடக்கிற அன்று, மீன் போடுகிற, சூடு புகாத தன்னுடைய வெள்ளை றெஜிபோம் பெட்டியைக் கழுவி, அதற்குள் கலர்த் தண்ணீரைப் பையில் உறைய வைத்த ஐஸ் பக்கட்டுகளை அடுக்கிக்கொண்டு புத்தளத்துக்குப் போய்ப் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிற்பார். "டீச்சர்ர பிள்ளைகள் வாங்கடா" என்று ஆளுக்கொன்று கொடுப்பார். எண்ணிக்கைக்கு மேல் ஒரு பக்கட் எப்போதும் இருக்கும். அது அவருக்கு. மூலையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு உறிஞ்சுவார்.

என் பகிடிகளுக்கு முழுதாகச் சிரிக்கிற ஆள் அவர் ஒருவர்தான். சோம்பேறித்தனத்தில் அவருக்கு ஒரு கலை இருந்தது. வேலைக்குப் போகுமுன் நான் கைகொடுக்கப் போனால், தோணியைக் கரைக்கு இழுக்கிற நேரம் பார்த்து அவருக்கு மௌத்து வரும். நெஞ்சைப் பிடித்தபடி மணலில் மல்லாக்க விழுந்து கண்ணை மூடிக்கொள்வார். நான் தோணியைத் தனியாக இழுத்து முடித்துவிட்டு அவர் காலில் ஒரு தட்டுத் தட்டி, "எழும்பு மச்சான், கபன் துணி வில ஏறிட்டு," என்பேன். மௌத்தானவருக்குச் சுற்றுகிற துணி அது. அவர் கண்ணை மூடிக்கொண்டே சிரிப்பார். வயிறு மட்டும் குலுங்கும்.

அஸர் தொழுகைக்குப் பிறகு தங்கச்சியிடம் போனேன். அந்த மூன்று மாதத்தில் அவள் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. அழவுமில்லை. வந்து அழுத பெண்களுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். கொப்பியை விரித்ததும் கதைத்தாள், கணக்கை மட்டும். அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, உங்கட உப்புப் பாத்தி எண்டு நினைங்க. சதுரம். ஒரு பக்கம் x அடி. இப்ப இந்தப் பக்கம் மூண்டடி பெருப்பிக்கிறீங்க, அந்தப் பக்கமும் மூண்டடி. இப்ப என்ன குறையுது?"

"உப்பு," என்றேன்.

அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பென்சிலை ஒரு இடத்தில் குத்தினாள். சதுரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு நீட்டுத் துண்டுகள். இரண்டும் சந்திக்கவேண்டிய மூலை வெறுமையாக இருந்தது.

"மூலை குறையுது. மூண்டுக்கு மூண்டு, ஒம்பது. அத நிரப்பினா முழுச் சதுரம். அவ்வளவுதான் வர்க்கபூர்த்தி."

எனக்கு உண்மையிலேயே விளங்கியது. இருபது வருடமாகப் பாத்தி கட்டுகிறவனுக்கு மூலை விளங்காமல் இருக்குமா? மூலையில் வரம்பு கட்டாவிட்டால் பாத்தியில் தண்ணீர் நிற்காது. அவள் சமன்பாட்டை எழுதினாள்: x² + 6x = 16.

"ஆறில பாதி மூண்டு. அத வர்க்கிச்சா ஒம்பது. ஒம்பதப் போட்டா இந்தப் பக்கம் x சக மூண்டு, முழுதும் வர்க்கம்."

"ஒம்பத எங்கயிருந்து எடுக்கிற?"

"எங்கயிருந்தும் இல்ல. நாங்களாப் போடுறது. ஆனா இங்க போட்டா மற்றப் பக்கமும் போடோணும். அப்ப பதினாறும் ஒம்பதும் இருபத்தஞ்சு. வர்க்கமூலம் அஞ்சு, சய அஞ்சு, அதாவது மைனஸ் அஞ்சு. x எண்டது ரெண்டு, இல்லாட்டி சய எட்டு."

மற்றப் பக்கமும் போடவேண்டும் என்பதை அவள் மூன்று தரம் சொன்னாள். நான் மூன்று தரம் தலையாட்டினேன்.

"நீளம், அகலம் எண்டு வசனத்தில கேட்டா சய விடை ஏலாது. ஆனா அதையும் எழுதோணும். எழுதிப்போட்டு, ஏன் ஏலாது எண்டு பக்கத்தில எழுதித்தான் வெட்டோணும். விட்டா புள்ளி போகும்."

"ஏலாதத என்னத்துக்குப் பிள்ள எழுதுவான்?"

"வந்தது வந்ததுதானே," என்றாள்.

அடுத்த நாள்தான் அந்தக் களிசான். வகுப்புக்குள் போனதும் ஸலாம் சொன்னேன். பதில் வந்ததும் மறுபடி ஸலாம் சொன்னேன். மூன்றாவது முறையும் சொல்லப் போனபோது ஒருவன் இருமினான். சோக்கை எடுத்தேன், உடைந்தது. உடைந்த துண்டை எடுத்தேன், அதுவும் உடைந்தது. ஊக்கு இன்னும் இருக்கிறதா என்று இடது கையால் தடவிப் பார்த்துக்கொண்டே வலது கையால் சதுரம் கீறினேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் உப்பளத்தில் என்னோடு வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். இவர்களை எனக்குத் தொட்டிலிலிருந்து தெரியும். அன்று பதினொருவரும் நீதவான்களாகத் தெரிந்தார்கள்.

பாத்தி, மூலை, ஒன்பது. எல்லாம் நன்றாகத்தான் போனது. இடது பக்கம் ஒன்பதைப் போட்டேன். அதை (x + 3)² என்று மாற்றியபோது எனக்கே ஒரு பெருமை வந்தது. அந்தப் பெருமையில் வலது பக்கம் பதினாறு அப்படியே நின்றுவிட்டது. பதினாறின் வர்க்கமூலம் நாலு. x ஒன்று, இல்லாவிட்டால் சய ஏழு. பின்னம் கிடையாது, தசமம் கிடையாது, கழுவித் துடைத்த மாதிரியான விடை. பிழையான வழியில் போகிறவனை இப்படி முழு எண்கள் வந்து வரவேற்றால் அவன் என்ன செய்வான்? அதே வழியில் இன்னும் நாலு கணக்குப் போட்டேன். அவற்றில் சில அசிங்கமான விடைகள் வந்தன. "கவனமில்லாம எழுதினா இப்பிடித்தான்," என்று பையன்களைப் பேசினேன்.

கொப்பிகளைக் கட்டிக்கொண்டு தங்கச்சியிடம் போனேன். பரீட்சைக்கு இன்னும் நாலு நாள். அவள் சிவப்புப் பேனையைத் திறந்தாள். முதல் கொப்பியைப் பார்த்தாள், வைத்தாள். இரண்டாவது, மூன்றாவது. ஏழாவதில் அவளது தோள்கள் குலுங்கத் தொடங்கின. யா அல்லாஹ், இப்போதுதான் அழப் போகிறாள் என்று நினைத்தேன். மூன்று மாதமாக வராத அழுகையா என் கணக்கைப் பார்த்து வரவேண்டும்? எழும்பி ஓடவா, தண்ணீர் எடுக்கவா என்று தெரியாமல் கதிரையை விட்டு அரைவாசி எழும்பி அப்படியே நின்றேன்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பதினொரு பேரும் காக்கா... ஒருத்தன் கூடத் தப்பயில்ல..." மூச்சு வாங்கியது. "ஒம்பது பாவம், ஒத்தக் கால்ல நிக்குது..."

அந்தச் சிரிப்பு அறைக்குள் நிற்கவில்லை. வெளிவீட்டில் மாமியின் தஸ்பீஹ் மணிகள் நின்றுபோனது எனக்குக் கேட்டது. மாமி வாசலில் வந்து நின்றார். தங்கச்சி வெள்ளை முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமி, என்ட குற்றம்," என்றேன். "ஒம்பத ஒரு பக்கம் மட்டும் போட்டிட்டன்."

"எந்த ஒம்பது மகன்?"

சொல்லத் தொடங்கினேன். பாத்தி, மூலை என்று கையால் காற்றில் கீறிக் காட்டினேன். மாமி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ட மகனத் தூக்கிக்கொண்டு போன வாசல் இது," என்றார். "பகிடியக் கடையோட வச்சுக்கொள்ளுங்க."

போய்விட்டார். தங்கச்சி பதினொரு கொப்பிகளிலும், ஒவ்வொரு கணக்கிலும், விட்டுப்போன எண்ணைச் சிவப்பால் எழுதினாள். முடிய நேரமானது. பிறகு கொப்பிகளை என் பக்கம் தள்ளினாள்.

"நாளைக்குப் போய்ச் சரியாச் சொல்லிக் குடுங்க."

"நான் போக மாட்டன் பிள்ள. எனக்கு வெக்கம். காய்ச்சல் எண்டு சொல்லு."

"நீங்க போகாட்டி அவங்க சோதனையில இப்பிடியே எழுதுவாங்க. அது என்ட வகுப்பு காக்கா."

போனேன். இந்த முறை சாரனோடு போனேன். மானம் எப்படியும் போகத்தான் போகிறது, மூச்சாவது விடலாம்.

"பிள்ளைகள், நேத்து நான் படிப்பிச்சது பிழை," என்றேன்.

முன்வாங்கில் இருந்தவன் சொன்னான். "தெரியும் சேர்."

"தெரியுமா? எப்ப?"

"நேத்தே தெரியும். டீச்சர் தொடங்கின அண்டு ரெண்டு பக்கமும் போடோணும் எண்டு சொன்னவங்க."

"அப்ப என்னத்துக்குடா எல்லாரும் அப்பிடியே எழுதின?"

அவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவன் மேசையைப் பார்த்தான். "மௌத்து நடந்த வீட்டு ஆள் வாறாரு, ஒண்டும் குறை சொல்லிப் போடாதீங்க எண்டு உம்மா சொன்னாங்க சேர்."

"எனக்கும் சொன்னாங்க," என்றான் இன்னொருவன்.

பின்வாங்கிலிருந்து ஒரு குரல். "நாங்க நெனச்சம் சேர் பகிடி விடுறார் எண்டு. நீங்க எப்பவும் அப்பிடித்தானே. கடைசியில சிரிப்பீங்க எண்டு பாத்துக்கொண்டு இருந்தம்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரிக்கவேண்டிய இடம் அது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சோக் கையில் இருந்தது, எழுத வரவில்லை.

அந்த செப்டெம்பர் காலையில் மச்சான் மணலில் விழுந்தபோது தோணி பாதித் தண்ணீரில் நின்றது. நான் தோணியைத் தனியாக இழுத்தேன். அவசரப்படாமல், திட்டிக்கொண்டே, கயிற்றைக் கட்டி, வலையை எடுத்து வெளியே போட்டேன். பிறகு போய் அவர் காலில் தட்டி, "எழும்பு மச்சான், கபன் துணி வில ஏறிட்டு," என்றேன். வயிறு குலுங்குகிறதா என்று பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றைக்கு நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன்.

விளங்கியதும் ஓடினேன். இடது பக்கம் ஓடினால் பெரிய ரோட்டு, ஆளிருக்கும், வாகனம் இருக்கும். நான் வலது பக்கம் ஓடினேன். களப்போரம் கண்டல் மரங்களைத் தவிர அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. கண்டல் மரங்களைப் பார்த்து "ஆராவது வாங்க, ஆராவது வாங்க" என்று கத்திய ஆள் இந்தக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். திரும்பி ஓடிவந்து ஆட்களைக் கூட்டிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர், "நேரத்தோட கொண்டு வந்திருந்தாலும்..." என்று தொடங்கினார். அதை முடிக்கவில்லை. முடிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. வீட்டில் எல்லாருக்கும் நான் சொன்னது, விழுந்த உடனே ஓடினேன் என்று.

"சேர்," என்றான் முன்வாங்குப் பையன் மெதுவாக. "நாங்க போடவா?"

அவன் எழும்பி வந்து என் கையிலிருந்த சோக்கை வாங்கினான். மற்றப் பக்கமும் ஒன்பதைப் போட்டான். அதற்குப் பிறகு பாடம் ஒழுங்காக நடந்தது. நடத்தியது நான் இல்லை, பக்கத்தில் நின்றது மட்டும் நான். பாத்தியில் மூலையைக் காட்டச் சொன்னபோது காட்டினேன்.

அன்று பின்னேரம் தங்கச்சி கொப்பி திருத்திக்கொண்டிருந்தபோது சொன்னேன். தோணி இழுத்ததை, கயிறு கட்டியதை, காலில் தட்டியதை. கபன் துணி என்ற வார்த்தையையும் விடாமல் சொன்னேன். வலது பக்கம் ஓடியதைச் சொன்னபோது வழக்கம்போல அதில் ஒரு பகிடி எட்டிப் பார்த்தது. அதை விழுங்கிக்கொண்டேன்.

அவள் நிமிரவில்லை. பேனை நின்றிருந்தது. பேனை நின்ற இடத்தில் சிவப்பு மை ஊறி ஒரு பொட்டாகி, பிறகு அதைவிடப் பெரிதானது.

"அடுத்த கொப்பியத் தாங்க," என்றாள்.

கொடுத்தேன். வெளிவீட்டில் தஸ்பீஹ் உருண்டுகொண்டிருந்ததா நின்றிருந்ததா என்று கவனிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கணக்குப் பரீட்சையன்று காலையில் றெஜிபோம் பெட்டியைக் கேட்டுப் போனேன். மாமிதான் குசினிக்குள்ளிருந்து எடுத்து வந்தார். பெட்டி ஈரமாக இருந்தது, தேசிக்காய்ப் புளி மணத்தது. யாரிடமும் நான் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

"மூண்டு தரம் கழுவினன்," என்றார். "மீன் மணம் போகாது மகன். அவன்ட பெட்டிதானே."

பன்னிரண்டு ஐஸ் பக்கட். பரீட்சை முடிவது பகலில். எனக்கு இருந்த பதற்றத்தில் நான் முதல் பஸ்ஸிலேயே புத்தளத்தில் இறங்கிவிட்டேன். மாரி காலத்தில் அன்று பார்த்து வெயில். மண்டபத்துக்கு வெளியே மரத்தடியில் பெட்டியோடு நின்றுகொண்டு, ஐஸ் கரைகிறதா என்று ஐந்து நிமிடத்துக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்த்தேன். திறந்து பார்த்ததால்தான் கரைந்தது என்று பிறகுதான் விளங்கியது. இஞ்சினியராக இருந்திருக்கவேண்டிய ஆள் நான்.

மணி அடித்தது. மீசைக்காரர்கள் வந்தார்கள்.

"வந்ததா?"

"வந்தது சேர். நிலமொண்டு. நீளம் அகலத்த விட நாலு மீற்றர் கூட. பாதி ரெண்டு, வர்க்கிச்சா நாலு."

"எத்தன பக்கம்?"

"ரெண்டு பக்கமும் போட்டம் சேர்!" என்று ரோட்டில் போகிறவர்களும் திரும்பிப் பார்க்கக் கத்தினார்கள். "இவன் மட்டும் சய விடைய வெட்டினான், காரணம் எழுதல்ல."

பெட்டியைத் திறந்தேன். சிவப்பும் மஞ்சளுமாகத் தண்ணீர்ப் பைகள் மிதந்தன.

"சேர், இது ஐஸ் இல்ல. தண்ணி."

"மீன் மணக்குது சேர்."

"போன வருஷம் எங்கட காக்காவுக்கு அவர் குடுத்ததும் மீன் மணந்ததாம்," என்றான் முன்வாங்குப் பையன். அதற்குப் பிறகு ஒருவரும் குறை சொல்லவில்லை. பதினொரு பேரும் நின்ற நிலையில் குடித்து முடித்தார்கள்.

திரும்பி வந்து தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காரணம் எழுதாதவனுக்கு எத்தனை புள்ளி குறையும் என்று அவள் விரலில் கணக்குப் பார்த்தாள். "பாஸாகிடுவான்," என்றாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். அடியில் ஒரு பக்கட் கிடந்தது.

"பன்ரெண்டு வாங்கினீங்களா?"

"ஓம்."

கையை விட்டு எடுத்தாள். அது சூடாகக்கூட இருந்திருக்கும். மூலையைப் பல்லால் கடித்து, கடித்த துண்டை உள்ளங்கையில் துப்பி, அதை மூடிக்கொண்டு, மற்றக் கையால் பக்கட்டைப் பிடித்துக் குடித்தாள். கண்ணீர் நாடிவரை வந்து வெள்ளை முக்காட்டில் விழுந்தது. துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.

"மீன் மணக்குது காக்கா," என்றாள்.

கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.